ஞாயிற்றுக்கிழமை வழி இல்லாத வீடு

புரட்டாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குதிரைமேட்டுக் காலனியில் அரசாங்கம் ஒரே வரிசையாகக் கட்டிக்கொடுத்திருந்த ஏழு தொகுப்பு வீடுகளும் ஒன்றையொன்று நோக்கி நகரத் தொடங்கின, நாங்கள் பல் விளக்கிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தடதடவென்று ஓடவில்லை, வெயிலில் நிழல் நகர்கிற வேகம்தான், அடுப்பில் இருந்த உலை தளும்பவில்லை, தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் விழிக்கவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை வாங்கப் பத்து எட்டு வைத்துப் போனவள் திரும்பும்போது ஒன்பது எட்டில் வந்து சேர்ந்தாள். முதல் வீட்டுத் தங்கமாரி அண்ணாச்சி, எங்கள் காலனிச் சங்கத்தின் தலைவர், வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "கரிசல் மண்ணுல்லா? மழை பேஞ்சா ஊதும், காஞ்சா வெடிக்கும், வீட்டையும் கொஞ்சம் தள்ளத்தான் செய்யும்" என்றார். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. எதற்கும் ஒரு காரணம் சொல்லிவிட்டால் வேலைக்குக் கிளம்பிப் போய்விடுகிற ஜனங்கள் நாங்கள்.

நான் அந்தச் சங்கத்தின் செயலாளர், ஐந்தாவது வீட்டுக்காரன், தையல் தொழில். இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு வருகிற ஆத்திரத்தில் பாதி என்மேல்தான், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலுவழிச் சாலை போடுவதற்காக எங்கள் பழைய தெருவை இடித்துத் தள்ளியபோது ஏழு குடும்பங்களையும் இந்த மேட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். யார் யாரோ கார்களில் போக வேண்டும் என்பதற்காக அடுப்படியையும் சாமிமாடத்தையும் விட்டுக்கொடுத்தவர்கள் நாங்கள். வழி என்றால் என்ன, வழி இல்லையென்றால் என்ன என்று எங்களைவிடத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. அப்படிப்பட்ட நாங்கள்தான் பிறகு அதைச் செய்தோம்.

மூன்று நாளில் வீடுகள் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன. வரிசையின் இந்த முனையில் இருந்த மூன்று வீடுகள் ஒரு பக்கமாக வளைந்தன, அந்த முனையில் இருந்த மூன்றும் மறுபக்கமாக வளைந்தன, வளைந்து வளைந்து நாலாவது வீட்டைச் சுற்றி வந்து சேர்ந்து நின்றன. சதுரமாக இருந்த மூலைகள் எல்லாம் தேய்ந்து மழுங்கிப்போயின. குழிப்பணியாரச் சட்டியைப் பார்த்திருப்பீர்கள், நடுவில் ஒரு குழி, சுற்றி ஆறு குழி. மேட்டின் மேல் நின்று பார்த்தால் எங்கள் காலனி அச்சு அசல் அப்படித்தான் இருந்தது. ஆறு வீட்டு வாசலும் வெளியே பார்த்தன, ஆறு வீட்டுப் பின்கதவும் நடு வீட்டைப் பார்த்தன. நடு வீடு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் சீனியம்மாளுடையது. அவள் செய்த குற்றம் வரிசையில் நாலாவதாக இருந்தது மட்டும்தான்.

அதிசயம் என்னவென்றால், வீடுகள் ஒட்டிக்கொள்ளவில்லை. சுவருக்கும் சுவருக்கும் இடையில் சரியாக ஒரு சாண் இடைவெளி வந்ததும் நின்றுவிட்டன, அதற்குமேல் நெருக்கினால் தள்ளின, விலக்கினால் இழுத்தன. பொதுப்பணித்துறை ஆட்கள் வந்து ஜேசிபி வைத்து என் வீட்டை நாலடி வெளியே இழுத்து வைத்தார்கள். அவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது பழைய இடத்துக்கே போய் நின்றது. நூறு அடிக்கு அப்பால் இருந்த ரேஷன் கடை அசையவே இல்லை, அவ்வளவு தூரத்துக்கு இந்த இழுப்புக்குக் கண் தெரியாது போலிருக்கிறது. ஏழு கக்கூசுகளும் பழைய வரிசையிலேயே அம்போவென்று நின்றன. தங்கமாரி அண்ணாச்சியின் ஆட்டுக்கொட்டகையும் நகரவில்லை. வாசலுக்கு மரநிலை வைத்துப் பூசை போட்டுக் குடிபுகுந்தது எதுவோ அதுதான் நகர்ந்தது, நிலை இல்லாததை எந்த வீடும் திரும்பிப் பார்க்கவில்லை. வந்த இன்ஜினியர் அதையெல்லாம் எழுதிக்கொண்டு, மண் பரிசோதனைக்கு ஒரு பை மண் அள்ளிக்கொண்டு போனார், அந்தப் பையும் திரும்பி வரவில்லை.

உண்மையைச் சொன்னால் ஆறு வீட்டுக்கும் நல்ல லாபம். ஒன்றையொன்று தாங்கி நின்றதில் சுவர் வெடிப்புகள் மூடிக்கொண்டன, ஒழுகின கூரை ஒழுகவில்லை, ஐப்பசிப் புயலில் பக்கத்து ஊரில் ஓடு பறந்தபோது எங்கள் வீட்டில் காலண்டர்கூட ஆடவில்லை. ஆறு வீட்டு நெருக்கலையும் வாங்கிக்கொண்டது நடு வீடு. சீனியம்மாள் வீட்டுச் சன்னல்கள் கோணிக்கொண்டன, அலமாரிக் கதவு மூட முடியாமல் போனது, வெயில் என்பது உச்சிவேளையில் அரைமணி நேரம் மட்டும் வந்து போயிற்று. பணியாரச் சட்டியில் நடுக்குழிதான் முதலில் கருகும். அதைத் தெரிந்துகொண்டேதான் எல்லோரும் ஓரத்துப் பணியாரத்தை எடுத்துத் தின்றோம்.

வெளியே போக அவளுக்கு எங்கள் ஆறு வீட்டில் ஏதாவது ஒன்றின் பின்கதவில் நுழைந்து அடுப்படி, பட்டாசல் எல்லாம் தாண்டி முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு வாரம் ஆளுக்கு ஆள் முகம் சுளித்த பிறகு, ரேஷன் கடை வாசலில் சங்கக் கூட்டம் போட்டோம். எங்கள் ஊரில் எதற்கும் முறைதான்: கோயிலுக்கு எண்ணெய் ஊற்ற முறை, வாத்தியாருக்குச் சோறு போட முறை, மோட்டார் போட முறை. ஆகவே வழிக்கும் முறை வைத்தோம். திங்கள் தங்கமாரி அண்ணாச்சி வீடு, வியாழன் எங்கள் வீடு, இப்படி ஆறு நாளுக்கு ஆறு வீடு. ஏழாவது நாள் ஞாயிறு மிஞ்சியது. அப்போது தங்கமாரி அண்ணாச்சி கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

"ஏழு வீட்டுக்கு ஏழு நாள். ஞாயித்துக்கிழமை சீனியம்மா வீட்டு முறை. அன்னைக்கு அவளே அவளுக்கு வழி பாத்துக்கிடட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. ரொம்ப நியாயமாகப் பட்டது. அதைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் குண்டு குண்டாக எழுதினது என் கைதான். கீழே விதிகளையும் எழுதினேன்: செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும், விளக்கு வைக்கிற நேரத்தில் போகக் கூடாது, விருந்தாள் சாப்பிடும்போது போகக் கூடாது, வெறுங்குடத்தோடு போகக் கூடாது, தீட்டு நாளில் போகக் கூடாது. சீனியம்மாள் முழுவதையும் வாசித்துவிட்டு, "இதுல மூச்சு விடுறதுக்கு என்ன கிழமைன்னு போடலையே, செயலாளர் அண்ணாச்சி" என்றாள். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

ஒரு வருசம் இப்படியே போயிற்று. பிறகு எங்களுக்கு இதெல்லாம் ஆதிகாலத்தில் இருந்தே இருப்பதுபோல ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்டால், "அவங்க நடு வீட்டுக்காரங்க" என்று ஏதோ சாதிப் பெயர் சொல்வது மாதிரிச் சொன்னோம். பொங்கலுக்கு அவளைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினோம்; "நீ நடுவுல இருக்கப்போய்த்தான் நாங்க ஆறு பேரும் சாயாம நிக்கோம் தாயி" என்று தங்கமாரி அண்ணாச்சி மைக்கில் பேசினார். அவளுக்குச் சால்வை போர்த்த ஒருவரும் தயங்கவில்லை, கோணின சன்னலை நிமிர்த்திக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் மகள் ஈசுவரி கோவில்பட்டியில் பிஎஸ்ஸி இயற்பியல் மூன்றாம் வருசம். பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு வியாழக்கிழமை எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரி குருவம்மாளின் ஏழு கண்ணாடி வளையல்களைத் தரையில் வைத்துக் காட்டினாள்.

"அத்தை, அணுவெல்லாம் இப்படித்தான். தள்ளி இருந்தா இழுக்கும், ரொம்பக் கிட்ட வந்தா தள்ளும். எத்தனை பேரை எத்தனை பேர் தொட முடியுமோ அத்தனையும் தொட்டுட்டுத்தான் ஓயும். ஏழு பேரு இருந்தா நடுவுல ஒருத்தி ஆறு பேரைத் தொடுவா, ஓரத்துல இருக்கவங்க மும்மூணு பேரை. அதைவிட நெருக்கமா ஏழு பேரு உக்கார முடியாது. அதான் இது இவ்வளவு பலமா நிக்குது."

"அப்ப எட்டாவதா ஒரு வீடு கட்டுனா?"

"அது வெளியில ஒட்டிக்கிடும். அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது." ஒரு வளையலை எடுத்துவிட்டாள். மிச்சம் ஆறை நகர்த்தி நகர்த்தி அடுக்கினாள். "ஆறு பேரா இருந்தா எப்படி அடுக்குனாலும் யாரையும் முழுசா அடைக்க முடியாது. அஞ்சு பேரு சுத்தி நின்னாலும் ஒரு பக்கம் திறந்திருக்கும். ஏழாவதுதான் அத்தை கதவைச் சாத்துது."

குருவம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

தை மாதக் கடைசியில் சீனியம்மாளின் புருசன் அரியமுத்துவுக்கு முடியாமல் போனது. இருபது வருசம் தீக்குச்சிக்கு மருந்து முக்கின நெஞ்சு. சனிக்கிழமை நன்றாகத்தான் கஞ்சி குடித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஈசுவரி போன் பண்ணி ஆட்டோவை வரவழைத்துவிட்டாள், அது காலனிக்கு வெளியே என்ஜினை அணைக்காமல் நின்றது. சீனியம்மாள் ஆறு பின்கதவையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

எல்லோரும் உள்ளேதான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, கறி வெந்துகொண்டிருந்தது. திறக்க மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. முறை இல்லாத நாளில் திறந்தால் நாளைக்கு அதுவே பழக்கமாகிவிடும், அவசரம் என்றால் சங்கம் தீர்மானம் போட்டுத் திறக்கலாம், ஆறு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தங்கமாரி அண்ணாச்சி சொல்லிவிட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாக ஓடியவன் நான். குளிக்கப் போனவருக்காகக் காத்திருந்தேன், கண்ணாடியைத் தேடியவருக்காகக் காத்திருந்தேன். நாலு கையெழுத்து வாங்கியிருந்தபோது நடு வீட்டிலிருந்து சீனியம்மாளின் குரல் ஒரே ஒருமுறை கேட்டது. ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டார்.

அந்த நோட்டு இன்னமும் என் வீட்டில் இருக்கிறது. எரிக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

பத்து மணிக்கெல்லாம் சொந்தபந்தம் வந்து சேர்ந்தது. உள்ளே வர வழியில்லாமல் பொம்பளைகள் எங்கள் ஆறு வீட்டைச் சுற்றி நின்று ஒப்பாரி வைத்தார்கள். சீனியம்மாளின் அண்ணன் கொண்டுவந்த கோடிச் சேலையைக் கம்பு நுனியில் சுற்றி, ஒரு சாண் சந்து வழியாக உள்ளே நீட்டினார்கள். அந்த அண்ணன், பிணத்தை எடுத்துப் போக வழி விடச் சொல்லித் தங்கமாரி அண்ணாச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்.

"உயிரோட இருந்திருந்தா இந்நேரம் தீர்மானம் முடிஞ்சிருக்கும்" என்றார் தங்கமாரி அண்ணாச்சி. "இப்ப அது பொணம். அடுத்தவன் வீட்டு வழியா பொணத்தை எடுத்துட்டுப் போனா அந்த வீடு என்னத்துக்கு ஆகும்? எங்க அம்மா வேற படுத்த படுக்கையா கிடக்கா. பொணம் குறுக்க போனா அவளையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிரும்."

"நாளைக்குத் திங்கக்கிழமைல்லா? உங்க வீட்டு முறைதானே அண்ணாச்சி?"

"முறை உயிரோட இருக்க ஆளுக்கு."

கிரேன் கொண்டுவந்து கூரைக்கு மேலாகத் தூக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்குள்ளேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டால் பிறகு மாடம் கட்டிக் கும்பிடலாம் என்று இன்னொருவர், நல்ல யோசனை சொல்கிற முகத்தோடு சொன்னார். குருவம்மாள் என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். பின்கதவுச் சாவி என் மடியில் இருந்தது. "சங்கம் முடிவு பண்ணட்டும்" என்றேன். இருபத்திரண்டு வருசம் என்னோடு குடும்பம் நடத்தியவள் அன்றைக்குப் பார்த்த பார்வையை இனி மாற்றிக்கொள்ள மாட்டாள்.

சந்துக்கு அந்தப் பக்கமிருந்து சீனியம்மாள் பேசினாள். குரலில் அழுகை இல்லை. "இன்னைக்கு என் முறைன்னுதான எழுதியிருக்கீங்க? சரி. நானே வழி விடுறேன். யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்."

கடப்பாரைச் சத்தம் கேட்டது. அவள் சுவரை இடிக்கவில்லை, கூரையைத் தொடவில்லை. பழைய தெருவை இடித்த அன்று தன் வீட்டிலிருந்து பெயர்த்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இங்கே வைத்திருந்தாளே வேப்பமரத்து நிலை, அதைத்தான் தாயும் மகளுமாக நெம்பினார்கள். ஒவ்வொரு நெம்புக்கும் எங்கள் ஆறு வீட்டிலும் பாத்திரங்கள் கலகலவென்றன. நாலாவது நெம்பில் நிலை கழன்று விழுந்தது, அந்த நிமிசத்திலிருந்து அது வீடாக இல்லாமல் போயிற்று; ஆட்டுக்கொட்டகை மாதிரி, கக்கூசு மாதிரி, எந்த வீட்டுக்கும் வேண்டாத நாலு சுவர்.

நடுவில் பிடிமானம் போனதும் எங்கள் ஆறு வீடும் தொளதொளத்துவிட்டன. அதுவரை மும்மூன்று பேரைப் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கு இப்போது இரண்டே பேர்தான் மிச்சம். மூடியிருந்த வெடிப்புகள் திறந்துகொண்டன, என் தையல் மிஷின் தானாக உருண்டு சுவரில் முட்டியது, எங்கள் வீட்டுக்கும் தங்கமாரி அண்ணாச்சி வீட்டுக்கும் இடையில் இருந்த ஒரு சாண் இரண்டு சாணாகி, நாலாகி, பாடை போகிற அகலத்துக்கு விலகி நின்றது. ஒப்பாரி வைத்த பொம்பளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். நட்ட நடுப் பகலில், யார் வாசற்படியையும் மிதிக்காமல், யாருடைய அடுப்படியையும் தாண்டாமல், அரியமுத்து நேராக வெளியே போனான். குருவம்மாள் பாடையின் கூடவே நடந்தாள். நான் ஒதுங்கி நின்றேன். ஒதுங்கி நிற்பதில் நான் கெட்டிக்காரன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் ஆறு வீடும் மறுபடி ஓய்ந்துவிட்டன. ஈசுவரி வளையல்களில் காட்டியதேதான்: சீனியம்மாளின் வெற்றுச் சுவர்களை நொறுக்கிக்கொண்டு ஒரு வீடு நடுவுக்கு வந்திருந்தது, ஐந்து வீடு அதைச் சுற்றி நின்றன, ஒரு பக்கம் மட்டும் பல் விழுந்த இடம் மாதிரித் திறந்திருந்தது. நடுவுக்கு வந்தது தங்கமாரி அண்ணாச்சியின் வீடு. அதற்கு எந்த நியாயமும் கிடையாது, சீனியம்மாள் நடுவுக்கு வந்ததற்கு எவ்வளவு நியாயம் இருந்ததோ அவ்வளவுதான். ஆனால் அவர் வாய்விட்டு அழுதார். இது அக்கிரமம் என்றார். கலெக்டருக்கு மனு எழுதச் சொன்னார். ஒரு வருசமாக மண்ணின் குணம் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தது இரண்டே மணி நேரத்தில் அக்கிரமமாக மாறிவிட்டது.

சங்கம் கூடியது. ஏழு என்கிற எண்தான் நமக்கு ஆகவில்லை, இனி இந்தக் காலனியில் எக்காலத்திலும் ஆறு வீடுதான் என்று தீர்மானம் போட்டார்கள். நான் எழுத மாட்டேன் என்றேன், என் ஆயுசில் நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான், வேறொருவர் எழுதினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சீனியம்மாளின் பட்டாவுக்குப் புதுவீடு கட்ட அரசாங்க உத்தரவு வந்தது. அவளை வேறு ஊரில் போய்க் கட்டிக்கொள்ளச் சொல்லலாம் என்று ஆறு பேரும் யோசித்துக்கொண்டிருந்தபோதே, அண்ணன் வீட்டில் தங்கியிருந்த அவளும் ஈசுவரியும் வேப்பமரத்து நிலையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார்கள்.

நேராக அந்தத் திறந்த பக்கத்தில் வந்து நிலையை இறக்கி வைத்தாள். கடப்பாரையை எடுத்து முதல் குழியைத் தோண்ட ஆரம்பித்தாள். தங்கமாரி அண்ணாச்சி உள்ளேயிருந்து ஓடி வந்தார், அந்தச் சந்துக்குள்தான் அவருக்கு வெளியுலகம் மிச்சமிருந்தது.

"தங்கச்சி, இங்க நிலை நட்டா எனக்கு வழி அடைஞ்சுபோகுமே."

"தெரியும் அண்ணாச்சி."

"வேற எங்கயாச்சும் ஒரு நூறடி தள்ளிக் கட்டேன். செங்கல்லு, மணலு எல்லாம் நானே இறக்கித் தாரேன்."

"என் பட்டா இங்கதான் இருக்கு. ஊரை விட்டு ஒருதரம் எந்திரிச்சாச்சு, இன்னொருதரம் எந்திரிக்க மாட்டேன்."

"எங்க அம்மாவுக்கு நாள் நெருங்கிட்டு. இன்னைக்கோ நாளைக்கோன்னு கிடக்கா. இதை நீ அடைச்சிட்டா நான் அவளை எப்படி வெளியே கொண்டு போவேன்?"

நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். சீனியம்மாள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அவர் கண்ணை நேராகப் பார்த்தாள், பிறகு ஒவ்வொரு வாசலாக எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

"என் வீட்டு வழியா கொண்டு போங்க. முன்னாலயும் பின்னாலயும் வாசல் வச்சுத்தான் கட்டப் போறேன். அவ கிழவி, பாவம், அவ என்ன பண்ணுனா. எந்தக் கிழமையா இருந்தாலும் சரி, பாடையோட நேரா வாங்க, நான் கதவைத் திறந்து வச்சிருப்பேன். நல்ல மனசுன்னு நினைச்சிராதீங்க. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல, சாகுற வரைக்கும் அடங்காது. உங்க அம்மா என் வாசலைத் தாண்டிப் போறப்ப நீங்க ஆறு பேரும் கூட நடந்து வரணும். அது போதும் எனக்கு."

தங்கமாரி அண்ணாச்சி அந்தச் சந்திலேயே நின்றார். அவள் இரண்டாவது குழிக்கு நகர்ந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை ஓங்கினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, மண்ணு தெறிக்கும்" என்றாள்.